இருட்டு வானம் பார்க்கப் போகிறீர்களா? கொங்குப் பக்கத்துக்கு ஒரு வழிகாட்டி

கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, சேலம் என்று எந்த ஊர் மொட்டைமாடியில் ஏறி நின்றாலும் வானம் சாம்பல் பூத்துத்தான் கிடக்கிறது. பால்வீதியைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் அடுத்து என்ன செய்கிறார்கள் என்றால், மேப்பில் பச்சையாகத் தெரிகிற இடத்தைக் குறித்துக்கொண்டு சனிக்கிழமை சாயங்காலம் வண்டியை எடுத்துவிடுகிறார்கள். பாதிப் பேர் சோதனைச் சாவடியில் திரும்புகிறார்கள். மீதிப் பேரை ஊர்க்காரர்கள் சூழ்ந்துகொண்டு "யாருங்க நீங்க, இந்நேரத்துக்கு இங்க என்ன வேலை?" என்று கேட்கிறார்கள்.

நம் பக்கத்தில் நல்ல இருட்டு இரண்டே இடத்தில்தான் மிச்சம் இருக்கிறது. ஒன்று காடு. அங்கே ராத்திரி நிற்க யாருக்கும் உரிமை இல்லை. இன்னொன்று வானம் பார்த்த பூமி. அது யாரோ ஒருவருடைய நிலம். ஆக, இருட்டைக் கண்டுபிடிப்பது சின்ன வேலை. விடிய விடிய அந்த இருட்டில் உட்கார ஒருவரிடம் சரி என்று சொல்ல வைப்பதுதான் பெரிய வேலை. இந்தக் கட்டுரையில் பாதி அதைப் பற்றித்தான்.

1. என்ன தெரியும், என்ன தெரியாது

வானத்தின் இருட்டை அளக்க போர்ட்டில் அளவுகோல் என்று ஒன்று இருக்கிறது. 1 என்றால் துளி வெளிச்சம் கலக்காத வானம், 9 என்றால் பெருநகரத்தின் நடு மையம். ஒளி மாசு வரைபடங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. செயற்கைக்கோள் எடுத்த இரவுப் படங்களை வைத்துச் செய்தவை. அதில் உங்கள் ஊரைத் தட்டினால் எண் வரும்.

கொங்குச் சமவெளியில் 1, 2 கிடைக்காது. அதற்கு லடாக்கில் ஹான்லே மாதிரி ஓர் இடத்துக்குப் போக வேண்டும். அங்கே 2022இல் இருட்டு வானத்துக்கென்றே ஒரு பகுதியை அறிவித்தார்கள். நமக்கு எட்டுவது 4. மலைக்கு அந்தப் பக்கம் போனால் 3. அதுவே போதும். 4இல் பால்வீதி கண்ணுக்குத் தெரியும். முதல் தடவை பார்க்கிறவர் அதை மேகம் என்று நினைத்து, நகர்ந்து போகட்டும் என்று காத்திருப்பார்.

அதோடு நமக்கு ஒரு பெரிய சலுகை இருக்கிறது. நாம் இருப்பது ஏறக்குறைய 11 டிகிரி வட அட்சத்தில். துருவ நட்சத்திரம் அடிவானத்தை ஒட்டிக் கிடக்கும், அது நஷ்டம்தான். ஆனால் தெற்கு வானம் முழுக்கத் திறந்துகொள்ளும். தென்சிலுவை, அகத்தியர் நட்சத்திரம் (கனோபஸ்), ஒமேகா சென்டாரி என்கிற நட்சத்திரக் கொத்து எல்லாம் நம் தோட்டத்திலிருந்தே தெரியும். டெல்லிக்காரருக்கு ஒமேகா சென்டாரி அடிவானப் புழுதியில் மங்கிப்போகும். நமக்கு 30 டிகிரி உயரத்துக்கு ஏறி நிற்கும். அதனால் இடம் தேர்ந்தெடுக்கும்போது தெற்குத் திசை இருட்டாக இருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வடக்கே கொஞ்சம் வெளிச்சம் இருந்தால் பரவாயில்லை.

2. தேதி குறிப்பது

வீட்டில் தொங்குகிற தினசரி காலண்டரே போதும், தனியாகச் செயலி வேண்டாம். நிலா ஒவ்வொரு நாளும் சராசரியாக 50 நிமிடம் தாமதமாக எழும். தேய்பிறை அஷ்டமியன்று நள்ளிரவை ஒட்டி எழும். தசமிக்கு ஒன்றரை, இரண்டு மணி ஆகிவிடும். வளர்பிறை சதுர்த்தியன்று ஒன்பது ஒன்பதரைக்கே மறைந்துவிடும். ஆகவே தேய்பிறை தசமியிலிருந்து வளர்பிறை திருதியை வரைக்கும் உள்ள நாட்களில் ஒரு சனிக்கிழமையைப் பிடியுங்கள்.

அப்புறம் பருவம். ஜூன் முதல் செப்டம்பர் வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்றும் மேகமும் வந்துகொண்டே இருக்கும். அந்த மாதங்களை மறந்துவிடுங்கள். அக்டோபரிலிருந்து டிசம்பர் நடு வரை வடகிழக்குப் பருவமழை. அதில் மழை விட்ட மறுநாள் இரண்டு நாள் கிடைத்தால் காற்று கழுவிவிட்டது மாதிரி சுத்தமாக இருக்கும், ஆனால் அதை முன்கூட்டித் திட்டமிட முடியாது. நம்பிப் போகக்கூடியது மார்கழிப் பிற்பகுதியிலிருந்து பங்குனி முடிய. சித்திரையில் வெக்கையும் தூசு மூட்டமும் சேர்ந்து அடிவானத்தை விழுங்கிவிடும், கோடை மழை மேகமும் திரளும். கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஒரு வருடத்துக்கு ஐந்தாறு ராத்திரிதான் தேறும். ஒன்றை விட்டால் அடுத்த மாதம்தான்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. "அமாவாசைதான் நல்ல இருட்டு" என்று சரியாக அன்றைக்கே போகாதீர்கள். அமாவாசை நம் ஊரில் கோயில் நாள். ஆனைமலை மாசாணியம்மன் கோயில் சாலையெல்லாம் வண்டி நிற்கும். ஊர்க் கோயில்களில் டியூப்லைட் கட்டி, ஒலிபெருக்கி வைத்திருப்பார்கள். மாசி மகா சிவராத்திரியும் அமாவாசைக்கு முந்தின சதுர்த்தசியில்தான் வரும். அன்றைக்கு வெள்ளியங்கிரி அடிவாரப் பக்கம் போனால் வெளிச்சத்தையும் கூட்டத்தையும் மட்டும் பார்த்துவிட்டு வரலாம். தீபாவளி அமாவாசையைச் சொல்லவே வேண்டாம், பட்டாசுப் புகை வடிய நாளாகும். அமாவாசைக்கு இரண்டு நாள் முன்னே பின்னே போனால் இருட்டுக்குக் குறைவில்லை, தொல்லையும் இல்லை.

3. இடம்: எதைத் தள்ள வேண்டும், எதைத் தேட வேண்டும்

முதலில் தள்ள வேண்டியவை.

*மலை வாசஸ்தலங்கள்.* உயரத்தில் இருந்தால் இருட்டாக இருக்கும் என்பது பொய். ஏற்காட்டில் நின்றால் காலடியில் சேலம் முழுக்க எரிகிறது. கோத்தகிரி, குன்னூர் விளிம்புகளில் மேட்டுப்பாளையம், கோவை வெளிச்சம். படம் எடுக்க அழகாக இருக்கும், நட்சத்திரத்துக்கு ஆகாது.

*மலையடிவாரங்கள்.* தடாகம், ஆனைகட்டி, தொண்டாமுத்தூர், மதுக்கரை, வாளையார், சிறுமுகை. ராத்திரி யானை வருகிற தடங்கள் இவை. சத்தம் போடாமல் இருட்டில் உட்கார்ந்திருப்பவரை யானை எதிர்பார்க்காது, அவரும் யானையை எதிர்பார்க்க மாட்டார். இந்த வட்டாரத்தில் யார் கூப்பிட்டாலும் போக வேண்டாம் என்பது என் கருத்து.

*அணைக்கட்டு, வாய்க்கால் கரை, ஏரிக்கரை.* அடிவானம் திறந்திருக்கும், ஆசையாக இருக்கும். ஆனால் நீர்வளத் துறை இடம், ராத்திரி நடமாட்டம் என்றாலே மீன் திருட்டோ மணல் திருட்டோ என்றுதான் பார்ப்பார்கள்.

*காற்றாலைக் காடு.* உடுமலை, தாராபுரம், கேத்தனூர் வட்டாரத்தில் காற்றாலைகளின் உச்சியில் விமானங்களுக்காகச் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரியும். கண்ணைக் கெடுக்காது, மனதைக் கெடுக்கும்.

இனித் தேட வேண்டியது. காங்கேயம், வெள்ளகோயில், மூலனூர், தாராபுரத்துக்குக் கிழக்கே, அரவக்குறிச்சி வரைக்கும் ஒரு பட்டை கிடக்கிறது. மழை குறைந்த மேட்டுப் பூமி. இங்கேதான் கொரங்காடுகள் இருக்கின்றன: கிளுவை வேலி போட்டு, நடுநடுவே வெள்வேல மரம் விட்டு, கொழுக்கட்டைப் புல் வளர்த்து, காங்கேயம் மாடும் செம்மறி ஆடும் மேய்க்கிற தனியார் மேய்ச்சல் நிலம். தென்னந்தோப்பு மாதிரி வானத்தை மறைக்காது. பாசனம் இல்லாததால் கொசுவும் பனியும் குறைவு. வீடுகள் தள்ளித் தள்ளி இருக்கும். திருப்பூர், கோவை வெளிச்சம் வடமேற்கில் ஒதுங்கிவிடும். கரூர் வெளிச்சம் வடகிழக்கில். தெற்கே பழனி, ஒட்டன்சத்திரம் மட்டும் அடியில் கொஞ்சம் வெளிறித் தெரியும், அதற்கு மேலே நல்ல இருட்டு. கொங்குச் சமவெளியில் இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரிந்து இல்லை. மேற்கே ஊதியூர் மலையை ஒட்டி மட்டும் வேண்டாம், அங்கே காப்புக்காடு இருக்கிறது, சிறுத்தை நடமாட்டமும் செய்தியில் வந்திருக்கிறது.

வரைபடத்தில் இருட்டாகத் தெரிவதை அப்படியே நம்பிவிடக் கூடாது. செயற்கைக்கோளுக்குத் தெரியாத தனி விளக்குகள்தான் நம்மைக் கெடுக்கும். ஊர் முக்கின் ஹைமாஸ் விளக்கு, விடிய விடிய விளக்கு எரிகிற கறிக்கோழிப் பண்ணை, ராத்திரி ஷிப்ட் ஓடுகிற தறிக்கூடம், நெல் அரவை மில். இந்த நாலில் ஏதாவது ஒன்று ஒரு கிலோமீட்டருக்குள் இருந்தால் அந்த இடத்தை விடுங்கள்.

4. நிலத்துக்காரரிடம் அனுமதி

இந்தப் பகுதியில் தோட்டத்து வீடுகளில் தனியாக இருந்த வயதானவர்களைக் கொன்று நகையை எடுத்துப்போன சம்பவங்கள் நடந்திருக்கின்றன. அதற்குப் பிறகு வீட்டுக்கு வீடு கேமரா, ஃபோகஸ் லைட், நாய். ராத்திரி பதினோரு மணிக்கு வெளியூர் நம்பர் கார் ஒன்று விளக்கை அணைத்துவிட்டு மண் ரோட்டில் நின்றால் அவர்கள் பயப்படத்தான் செய்வார்கள். அதைக் குறை சொல்ல முடியாது. இதை மனதில் வைத்துக்கொண்டு மற்றதைச் செய்யுங்கள்.

அ) தெரிந்தவர் வழியாகப் போங்கள். முன்பின் தெரியாத தோட்டத்தில் போய் நின்று கேட்டால் நாலில் மூன்று இடத்தில் "ஆகாதுங்க" என்றுதான் பதில் வரும். அலுவலகத்தில், கல்லூரியில், மில்லில் அந்தப் பக்கத்து ஆள் ஒருவர் கட்டாயம் இருப்பார். அவருடைய சித்தப்பா, மாமா, பங்காளி யாரிடமாவது நாலு ஏக்கர் மேட்டாங்காடு இருக்கும். ஒருவரும் கிடைக்கவில்லை என்றால் அந்த ஊர் பால் சொசைட்டியில் காலை ஆறரை மணிக்கு நின்று பாருங்கள். ஊரில் பாதிப் பேரை அங்கேயே பார்த்துவிடலாம்.

ஆ) பகலில் நேரில் போய்க் கேளுங்கள். போனில் கேட்கிற காரியமில்லை. காலை பத்து மணிக்குள் போனால் நல்லது. தனியாகப் போக வேண்டாம், கும்பலாகவும் வேண்டாம், இரண்டு பேர். "நட்சத்திரம் பாக்கறதுக்குங்க" என்றால் முதலில் சிரிப்பார்கள். அடுத்து ஜோசியமா, புதையலா என்ற சந்தேகம் வரும். புதையல் சந்தேகம் விளையாட்டில்லை, அமாவாசையை ஒட்டி ராத்திரியில் வெளியாள் நிலத்தில் உட்கார்ந்தால் ஊருக்குள் அப்படித்தான் பேச்சு வரும். செல்போனில் எடுத்த பால்வீதிப் படம் ஒன்றைக் காட்டுங்கள், பைனாகுலரைக் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். "நீங்களும் வாங்க அய்யா, பேரப் பசங்களையும் கூட்டிட்டு வாங்க" என்று கூப்பிடுங்கள். மனசாரவே கூப்பிடுங்கள். வீட்டுப் பிள்ளைகள் கூட வந்து உட்கார்ந்துவிட்டால் அந்த ராத்திரிக்கு உங்களுக்குக் காவலே வேண்டாம்.

இ) காசு பேசாதீர்கள். நிலத்துக்காரரிடம் வாடகை மாதிரி ஏதாவது நீட்டினால் முகம் மாறிவிடும். பழம், பலகாரம் வாங்கிக்கொண்டு போங்கள். தோட்டத்தில் தங்கி வேலை செய்கிறவர் உங்களுக்காக முழித்திருந்தால் அவருக்கு மட்டும் 300 ரூபாய் கொடுங்கள்.

ஈ) நாலு விஷயத்தைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். எந்த மூலையில் உட்காரலாம்? வண்டி எதுவரை வரலாம்? நாயைக் கட்டிவைப்பார்களா? ராத்திரி மோட்டார் போட யாராவது வருவார்களா? மும்முனை மின்சாரம் வருகிற நேரத்தைப் பொறுத்து ஒரு மணிக்கும் இரண்டு மணிக்கும் ஆட்கள் டார்ச்சோடு கிணற்றுப் பக்கம் வருவதுண்டு. இரண்டு தரப்பும் திடுக்கிடாமல் இருக்க இது தெரிந்திருக்க வேண்டும். வாசல் ஃபோகஸ் லைட்டை அணைக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். அது அவர்கள் பாதுகாப்புக்குப் போட்டது. அது கண்ணில் படாத மறைவு பார்த்து நீங்கள்தான் உட்கார வேண்டும்.

உ) பக்கத்துத் தோட்டத்துக்கும் சொல்லச் சொல்லுங்கள். நிலத்துக்காரர் சம்மதித்தாலும் பக்கத்துக் காட்டுக்காரர் போலீசுக்குப் போன் போட்டுவிடுவார். "நாளைக்கு ராத்திரி நம்ம காட்டுல பசங்க இருப்பாங்க" என்று அவர் வாயால் ஒரு வார்த்தை போதும்.

பெண்கள், குழந்தைகள் வருவதானால் குடும்பம் குடியிருக்கிற தோட்டமாக மட்டும் பாருங்கள். கழிப்பறை வேண்டும், நள்ளிரவில் ஒரு குரல் கொடுத்தால் கேட்க ஆள் வேண்டும்.

5. காவல் நிலையத்துக்கு ஒரு கடிதம்

சட்டப்படி கட்டாயமா என்றால், தனியார் நிலத்தில் உட்கார்ந்து வானம் பார்க்க உரிமம் எதுவும் கிடையாது. ஆனாலும் கொடுங்கள். ரோந்து வண்டி வந்து நின்று விசாரித்து, எல்லாரையும் வெளிச்சத்தில் நிறுத்தி, ஆதார் பார்த்து முடிக்க ஒரு மணி நேரம் போய்விடும். கண் இருட்டுக்குப் பழக மறுபடி அரை மணி நேரம்.

கடிதத்தில் இருக்க வேண்டியவை: வருகிறவர்கள் பெயர், செல்போன் எண், வண்டி எண், நிலத்துக்காரர் பெயரும் எண்ணும், ஊர், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, என்ன காரியம். கூடவே ஓர் ஆதார் நகல். இரண்டு படி எடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். அதை வண்டியில் வையுங்கள்.

தலைப்பில் "அனுமதி வேண்டி" என்று எழுதிவிடாதீர்கள். அப்படி எழுதினால் "இதுக்கு மேலிடத்துல ஆர்டர் வாங்கணும்" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள், நீங்களும் அலைந்துகொண்டே இருக்க வேண்டியதுதான். "தங்கள் தகவலுக்காக" என்று எழுதுங்கள். இரண்டு நாள் முன்னதாக, காலை நேரத்தில் போங்கள். கடைசி நாள் சாயங்காலம் போனால் நிலையத்தில் பொறுப்பானவர் யாரும் இருக்க மாட்டார்கள். செலவு: ஜெராக்ஸ் காசு.

6. மலை மேல்தான் போவேன் என்பவர்களுக்கு

தாளவாடிப் பீடபூமி, பர்கூர், கொல்லிமலை. இருட்டு என்னவோ அருமைதான். விதிகளும் அதற்கேற்ப.

தாளவாடிக்கு சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் மலைப்பாதையில் ஏற வேண்டும். சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்துக்குள் போகிற சாலை அது. நீதிமன்ற உத்தரவுப்படி ராத்திரி 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை கார்களும் போக முடியாது. ஆகவே வெளிச்சம் இருக்கும்போதே ஏறி, மேலே வருவாய்க் கிராமத்தில் ஒரு வீட்டிலோ விடுதியிலோ தங்கி, விடிந்த பிறகு இறங்குங்கள். நடுச்சாலையில் வண்டியை ஓரங்கட்டி இறங்குவது குற்றம், அபராதம் போடுவார்கள். தங்குமிடத்து முற்றத்தை விட்டு வெளியே போகக் கூடாது, யானை அங்கேயும் ஊருக்குள் வரும். பர்கூருக்கு அந்தியூர் வழி. சோதனைச் சாவடியில் எங்கே தங்கப்போகிறீர்கள் என்று கேட்பார்கள், தங்குமிடத்துக்காரர் எண்ணைக் கையில் வைத்திருங்கள்.

கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு. பகலில் ஏறிவிடுங்கள். செம்மேட்டை விட்டு வளப்பூர், அரியூர் நாட்டுப் பக்கம் தங்கினால் நல்லது. மேகம்தான் எதிரி, சமவெளி தெளிவாக இருக்கும் நாளிலும் மேலே மூடிக்கொள்ளும்.

நீலகிரிக்கு வெளிமாவட்ட வண்டிகளுக்கு 2024 மே முதல் இ-பாஸ் கட்டாயம். இலவசம்தான், இணையத்தில் வண்டி எண்ணையும் தங்குமிடத்தையும் கொடுத்தால் கிடைக்கும், ஆனால் கோடை சீசனில் எண்ணிக்கைக்கு வரம்பு வைக்கிறார்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் கூடாது. முதுமலை வழியாக பந்திப்பூர் போகிற சாலையும் ராத்திரி 9 முதல் காலை 6 வரை மூடப்படும். வால்பாறைக்குப் போகிறவர்களும் கிளம்பும் முன் அப்போதைய விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

டாப்சிலிப்பில் வனத்துறை விடுதி இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது, இணையத்தில் பதிவும் செய்யலாம். ஆனால் இருட்டிய பிறகு வெளியே நடமாட விட மாட்டார்கள், மரம் வேறு பாதி வானத்தை மறைக்கும். தேக்கைப் பார்க்கப் போங்கள், திருவாதிரையைப் பார்க்க வேண்டாம்.

7. பகலில் ஒரு தடவை நடந்து பாருங்கள்

இதைத் தவிர்க்கவே கூடாது. காரணம், கிணறு. நம் தோட்டங்களில் வாய் அகன்ற பழைய கிணறுகள் பலவற்றுக்குச் சுற்றுச்சுவர் இல்லை. தரைமட்டத்தில் அப்படியே திறந்து கிடக்கும், ஓரத்தில் புல் மூடியிருக்கும். வண்டியோடு விழுந்தவர்கள் இருக்கிறார்கள். உட்காரப்போகும் இடத்தைச் சுற்றி நூறு மீட்டர் நடந்து பாருங்கள். கிணறு, பாழுங்குழி, மின்வேலி, கீழே தொங்கும் கம்பி எல்லாவற்றையும் எல்லாருக்கும் காட்டுங்கள். கிணறு இருக்கும் பக்கம் ஒரு வெள்ளை வேட்டியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டால் நட்சத்திர வெளிச்சத்திலேயே தெரியும்.

அடுத்தது பாம்பு. கட்டுவிரியனும் கண்ணாடிவிரியனும் ராத்திரி நடமாடுபவை. தரையில் பாய் விரித்துப் படுக்க வேண்டாம். கயிற்றுக் கட்டில் இருக்கிறதா என்று நிலத்துக்காரரைக் கேளுங்கள், வானம் பார்க்க அதைவிட வசதியான ஆசனம் விலைக்குக் கிடைக்காது. கணுக்கால் மூடிய ஷூ போடுங்கள். பக்கத்து அரசு மருத்துவமனை தாராபுரமா காங்கேயமா, எவ்வளவு தூரம், எந்த வழி என்பதைக் குறித்து வையுங்கள். கடித்துவிட்டால் 108. கட்டுப் போடுவது, கீறுவது, மந்திரிப்பது எதுவும் வேண்டாம்.

8. பொருளும் செலவும்

தொலைநோக்கி வாங்கிவிட்டுத் தொடங்காதீர்கள். 10×50 அல்லது 7×50 பைனாகுலர் போதும், ஐந்தாயிரத்திலிருந்து பத்தாயிரத்துக்குள் நல்லதே வரும். முதல் ராத்திரிக்கு அதுவும் இல்லாமல் கண்ணே போதும்.

டார்ச்சுக்கு சிவப்பு செலோபன் தாள், பத்து ரூபாய். இரண்டு மூன்று சுற்று சுற்றி ரப்பர் பேண்ட் போடுங்கள். சிவப்பு வெளிச்சம் கண்ணின் இருட்டுப் பழக்கத்தை அவ்வளவாகக் கெடுக்காது. செல்போனில் ஸ்டெல்லேரியம் செயலியை வீட்டிலேயே இறக்கி, சிவப்புத் திரைக்கு மாற்றி வையுங்கள், காட்டுக்குள் சிக்னல் இருக்காது.

தையிலும் மாசியிலும் போகிறவர்கள் குல்லா, ஸ்வெட்டர், கம்பளி எடுத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு மணிக்கு மேல் பனி இறங்கும். லென்ஸ் மூடிவிட்டால் வாயால் ஊதித் துடைக்காதீர்கள், இன்னும் மோசமாகும். பைனாகுலரைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது மணிக்கு மேல் அந்தப் பக்கம் டீக்கடை இருக்காது, ஃப்ளாஸ்க் கட்டாயம்.

பச்சை லேசர் விளக்கு வேண்டவே வேண்டாம். சூலூரில் விமானப் படைத் தளம், பீளமேட்டில் விமான நிலையம். ஏதாவது விமானத்தின் மேல் பட்டுவிட்டால் நீங்கள் கொடுத்த கடிதம் உங்களைக் காப்பாற்றாது.

பெட்ரோல்: கோவையிலிருந்து தாராபுரம் 80 கிலோமீட்டர் சொச்சம். சுற்றி அலைவதையும் சேர்த்து 200 கிலோமீட்டர் என்று வையுங்கள். லிட்டருக்கு 15 ஓடுகிற காருக்கு 1,400 ரூபாய் வரை. பகலில் பார்க்கப் போனதையும் சேர்த்தால் இரட்டிப்பு. நாலு பேர் பகிர்ந்தால் ஆளுக்கு 700. ஓட்டுநர் உரிமம், ஆர்.சி., காப்பீடு, புகைச் சான்று நான்கும் செல்லுபடியாகும் தேதியில் இருக்கட்டும்.

9. ராத்திரி, மணிப்படி

ஆறு மணிக்கு, வெளிச்சத்திலேயே போய்ச் சேருங்கள். நிலத்துக்காரரைப் பார்த்துவிட்டு வண்டியை முகப்பு விளக்கு யார் கண்ணிலும் படாத திசையில் நிறுத்துங்கள். உள்விளக்கு தானாக எரிவதை அணைத்து வையுங்கள். ரிமோட்டில் பூட்டித் திறந்தால் இண்டிகேட்டர் நாலும் பளீரென்று அடிக்கும், சாவியை ஒருவரிடம் கொடுத்து அதைத் தொடக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். வேண்டிய பொருளை எல்லாம் முதலிலேயே வெளியே எடுத்துவிடுங்கள்.

சூரியன் மறைந்து ஒன்றேகால் மணி நேரம் கழித்துத்தான் முழு இருட்டு. ஜனவரியில் ஏழரை ஆகும். கண் பழக 20 முதல் 30 நிமிடம். அதற்குள் ஒருவர் செல்போனைத் திறந்தால் எல்லாருக்கும் முதலிலிருந்து.

ஜனவரியில் ஏழரைக்கு உச்சியை ஒட்டிக் கார்த்திகைக் கூட்டம் நிற்கும். சாதாரணக் கண்ணுக்கு ஆறு தெரியும், அதற்கு மேல் எண்ண முடிந்தால் வானம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். வடமேற்கில் ஆண்ட்ரோமீடா விண்மீன் மண்டலம் பஞ்சுத் துணுக்காகத் தெரியும். நேராகப் பார்த்தால் மறைந்துவிடும், சற்றுத் தள்ளிப் பார்த்தால் தெரியும். 25 லட்சம் ஒளியாண்டு தூரம். பத்து மணிக்கு வேட்டைக்காரன் உருவமான ஓரியன் உச்சிக்கு வரும், திருவாதிரை அதன் தோள். ஓரியனின் வாளில் உள்ள நெபுலாவை, அதாவது வாயுவும் தூசியும் கலந்த மேகத்தை, பைனாகுலரில் பாருங்கள். பதினோரு மணிக்கு நேர் தெற்கே அகத்தியர். அதற்கும் கீழே, அடிவானத்திலிருந்து 9 டிகிரியில், பெரிய மகெல்லன் மேகம். பேர்தான் மேகம், அது பால்வீதிக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரு சின்ன விண்மீன் மண்டலம். தெற்கு அடிவானம் துடைத்த மாதிரி இருந்தால்தான் கிடைக்கும், கிடைக்காவிட்டால் மனம் விட வேண்டாம்.

மார்ச்சில் அட்டவணை மாறும். ஏழரை, ஏழே முக்காலுக்கு மேற்கே ராசிப் பாதை ஒட்டி முக்கோணமாக ஒரு மங்கல் ஒளி எழும்பி நிற்கும். ஊர் வெளிச்சம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். கோள்களுக்கு இடையே மிதக்கிற தூசியில் சூரிய ஒளி பட்டுச் சிதறுவது அது. அது தெரிந்தால் நல்ல இருட்டில் இருக்கிறீர்கள். ஒரு மணிவாக்கில் தென்சிலுவை தெற்கே நேராக நிற்கும். இரண்டு மணிக்கு அதற்கு மேலே ஒமேகா சென்டாரி, கண்ணுக்கு மங்கின நட்சத்திரம், பைனாகுலரில் மாவு உருண்டை. மூன்றரையிலிருந்து ஐந்து வரை கேட்டைக்கும் மூலத்துக்கும் பின்னால் பால்வீதியின் மையம் தென்கிழக்கில் எழுந்து வரும். இதற்காகத்தான் வந்தீர்கள். ஆகவே பன்னிரண்டிலிருந்து இரண்டரை வரை முறை வைத்துத் தூங்குங்கள். மயில் கத்தினால் பயப்பட வேண்டாம், அது எந்த நேரத்திலும் கத்தும்.

மேகம் வந்தால் ஒரு மணி நேரம் பொறுங்கள். அதற்கு மேல் மூடியே இருந்தால் தூங்கிவிடுங்கள். மண் ரோட்டில் நடுராத்திரி வண்டி எடுத்து நாயையெல்லாம் எழுப்ப வேண்டாம்.

10. விடிந்த பிறகு

ராத்திரி முழுக்க முழித்துவிட்டு ஐந்தரைக்குக் கார் ஓட்டாதீர்கள். தாராபுரம் சாலையில் அந்த நேரத்தில் தேங்காய் லாரியும் கோழி வண்டியும் விரட்டிக்கொண்டு வரும். ஓட்டப்போகிறவர் இரண்டு மணிக்கே படுத்துவிடட்டும், அல்லது எட்டு மணி வரை எல்லாரும் தூங்குங்கள். குப்பை, சிகரெட் துண்டு, பாட்டில் மூடி எதுவும் கொரங்காட்டில் கிடக்கக் கூடாது. மாடு மேய்கிற இடம், பிளாஸ்டிக் உள்ளே போனால் மாடு போய்விடும். படலைத் திறந்தால் திறந்தபடியே விடாமல் மூடிவிட்டு வாருங்கள்.

காவல் நிலையத்துக்கு ஒரு போன் போட்டுக் கிளம்பிவிட்டதாகச் சொல்லுங்கள். எடுத்த படத்தில் நல்லதாக ஒன்றை, அவர்கள் வீடும் மரமும் தெரிகிற மாதிரி இருந்தால் இன்னும் நல்லது, பெரிதாகப் பிரிண்ட் போட்டு அடுத்த தடவை நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். அடுத்த மாதத் தேதியை அப்போதே கேட்டு வைத்துவிடுங்கள். அன்றைக்கு அந்த வீட்டில் சீர், சடங்கு, நோம்பி ஏதாவது இருந்தால் முன்கூட்டியே தெரிந்துவிடும்.